ஒன்றாம் எண் எந்தப் பக்கம்

எல்லைக் கதவு சாத்தப்பட்ட அன்று பல் டாக்டர் அந்தப் பக்கம் இருந்தார், அவருடைய மனைவி இந்தப் பக்கம் இருந்தாள். இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. காலை ஏழரை மணிப் பஸ்ஸில் ஏறி, கதவைத் தாண்டி, அடுத்த ஊர்ப் பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கும் தன் கிளினிக்கைத் திறந்து, மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவர் அவர். பத்து வருஷமாக அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு அரசாங்கங்களும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டன. கதவு விழுந்தது. தொலைபேசியும் அறுந்தது. டாக்டர் அப்போது யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் பாதி வேலையில் இருந்தாராம்.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

தெரு சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்த கதைதான். முதல் மாதம் பரிதாபப்பட்டது. மூன்றாம் மாதம் டாக்டருக்கு அந்த ஊரில் ஒரு புதுக் குடித்தனம் வைத்துக் கொடுத்தது. ஆறாம் மாதம் அந்தக் குடித்தனத்தில் ஓர் ஆண் குழந்தையும் பிறந்துவிட்டது. மூன்று மாதத்தில் அது எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏங்க, அங்க அவருக்குச் சாப்பாடெல்லாம் ஒழுங்கா கெடைக்குதாமா?" என்று எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்தும் சாக்கில் விசாரிப்பாள்.

"லெட்டர் வந்தா சொல்றேங்க."

"வருமா?"

"மூணு நாட்டைச் சுத்தி வரணும்ல. மெதுவாத்தான் வரும்."

"பாவம். ஆம்பளைங்க தனியா இருந்தா ரொம்பக் கஷ்டம்," என்று எதிர்வீட்டுக்காரி இழுப்பாள். 'தனியா' என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும். அந்த நிறுத்தத்துக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும்.

டாக்டர் மனைவி பதில் சொல்லமாட்டாள். அவள் மாவட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சுருக்கெழுத்தர். நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல். அலுவலகத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். நடையில் மட்டும் ஆமை, அது வேறு விஷயம். பிறர் பேசுவதை எழுதி எழுதியே பழகிப்போனதால் தன் வாயைத் திறக்க அவளுக்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை. நன்றி சொல்வதற்கு மட்டும் திறப்பாள். பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் நன்றி, தபால்காரர் கடிதம் இல்லை என்று சொன்னாலும் நன்றி. "இல்லாததுக்கு எதுக்கும்மா தேங்க்ஸ்?" என்று தபால்காரர் கேட்டதற்கு, "வந்து சொன்னீங்களே, அதுக்கு" என்றாளாம்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பேச்சுவார்த்தை ஊருக்கு வந்தது.

கதவுக்கு அரை மைல் தூரத்தில் மூடிக் கிடந்த பெரிய ஓட்டலைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, இரண்டு வாசல் வைத்தார்கள். ஒரு தரப்புக்கு ஒரு வாசல். மண்டபத்து நாற்காலிகளின் உயரத்தை ஒரு தச்சர் அளவுகோல் வைத்து அளந்து, ஒன்றில் அரை விரற்கடை கூடுதலாக இருந்ததைச் சீவி எறிந்தார். தண்ணீர்ப் போத்தல்களின் லேபிளைக் கிழித்தார்கள், எந்த நாட்டுத் தண்ணீர் என்று சண்டை வரக்கூடாதாம். மூன்றாவது நாட்டிலிருந்து ஒரு நடுவர் வந்தார். அவர் வெந்நீர் மட்டுமே குடித்தார், இரண்டு பக்கமும் ஒரே அளவு சிரித்தார்.

தலைநகரத்திலிருந்து தூதர் வந்தார், கர்னல் வந்தார், கோப்புகள் வந்தன. சுருக்கெழுத்தருக்கு மட்டும் வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மின்னலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தூதர் ஓய்வு பெற்றவர். மறுபடி அழைத்து வரப்பட்டவர். எதைப் பேச ஆரம்பித்தாலும் "ஆட்சேபிக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். டைப்பிஸ்டுகள் அவருக்கு 'ஆட்சேபம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்காராமே?" என்றார் அவர்.

"ஆமாங்கய்யா."

"அதனால எழுத்து கோணுமா?"

"சுருக்கெழுத்துங்கய்யா. ஏற்கெனவே கோணல்தான்."

ஆட்சேபம் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு இந்த அறையில் நடந்ததை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். மின்னல் அதைப் படித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, போட்டாள்.

விஷயம் இதுதான். இரண்டு நாடுகளும் தன்னுடையது என்று சொல்லும் ஒரு மலையோரத் துண்டு நிலம். அதன் குறுக்கே பதினான்கு காவல் நிலைகள். அங்கெல்லாம் கேமராக் கம்பம் நட்டு, மூன்றாவது நாட்டுக் கண்காணிப்பாளர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், யார் முதலில் வாலாட்டினார்கள் என்ற சண்டை இருக்காது. ஒப்பந்தம் கையெழுத்தான பத்தாம் நாள் எல்லைக் கதவு திறக்கும். வரைவின் முதல் பத்தியிலேயே அது இருந்தது. அந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் மின்னலின் பென்சில் கொஞ்சம் மெதுவாகப் போயிற்று.

பேச்சுக்கு ஒரு விதி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொண்ட விதி. மேசையில் வரைபடம் வரக்கூடாது. எந்த வரைபடத்தை விரித்தாலும் அதில் ஒரு கோடு இருக்கும், அந்தக் கோட்டை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். இடத்தின் பெயரும் வரக்கூடாது. ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு பெயர், எதைச் சொன்னாலும் ஒருவருக்கு எரியும். அங்கே என்ன இருக்கிறது, மரமா குளமா என்றும் சொல்லக்கூடாது. 'எங்கள் குளம்' என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடும். எண் மட்டும் சொல்லலாம். ஒன்றிலிருந்து பதினான்கு. ஒவ்வொரு தரப்பும் தன் பட்டியலைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொள்ளும், காட்டாது.

முதல் நாளே பன்னிரண்டு நிலைகளில் கம்பம் நடலாம் என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டார்கள். ஊரே வாயைப் பிளந்தது. மிச்சம் நாலாம் நிலையும் பதினோராம் நிலையும்தான்.

ஆட்சேபம் சொன்னார், நாலில் கம்பம் கூடவே கூடாது, பதினொன்றில் தாராளமாக நடுங்கள். எதிர்த்தரப்பின் தலைவி எப்போதும் தோளில் ஒரு சால்வையோடு வருவார், எல்லாரும் அவரைச் சால்வையம்மா என்றார்கள். சால்வையம்மா சொன்னார், நாலில் கம்பம் இருந்தே ஆகவேண்டும், பதினொன்றில் இருக்கவே கூடாது. ஏன் என்று நடுவர் கேட்டால் இருவரும் "பாதுகாப்புக் காரணம்" என்பார்கள். விதிப்படி அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஒரு நாள் போயிற்று. மூன்று நாள் போயிற்று. ஆட்சேபம் நாலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சால்வையம்மா பதினொன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மின்னல் எழுதித் தள்ளினாள்.

மாலையில் குறிப்புகளை ஒப்பிடவேண்டும். அதற்கு ஓட்டலின் பழைய துணி அறையைக் கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்கத் தட்டு, தட்டில் யாரும் உரிமை கோராத பழைய துவாலைகள், நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் மின்னல். மற்றதில் எதிர்த்தரப்புக் குறிப்பாளர். ஒல்லியான ஆள், காதில் பென்சில் செருகியிருப்பார். குறிப்பைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது. வாசலில் இரண்டு பக்கத்துக் காவலர்களும் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அப்புறம் ஒரே போனில் கால்பந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டு நிலைகளுக்கு அப்புறம் அந்த ஓட்டலில் ஏற்பட்ட ஒரே உடன்படிக்கை அதுதான்.

மூன்றாம் நாள் குறிப்பாளரின் வலது கன்னம் உப்பியிருந்தது. நாலாம் நாள் அது பந்தாகிவிட்டது.

"பக்கம் ஆறு, மூணாவது வரி," என்றாள் மின்னல்.

"ம்."

"பக்கம் ஏழு, கடைசி வரி."

"ம்ம்..."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பத்து வருஷமாகப் பல் டாக்டரோடு குடித்தனம் நடத்தினவள் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? வாசலைப் பார்த்தாள். அங்கே கால்பந்தில் கோல் விழுந்து ஒரே சத்தம்.

"கிராம்பு வெச்சீங்களா?"

அவர் திடுக்கிட்டார். "வெச்சேன்."

"இதுக்குக் கேக்காது. வேர்ல சீழ் கட்டியிருக்கு. உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, மருந்துக்கடை மாடியில ஒருத்தர் இருக்கார். காலையில ஏழு மணிக்கே போயிடுங்க. கைராசிக்காரர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கம் எட்டு, முதல் வரி," என்றாள் மின்னல்.

எதிர்த்தரப்பினர் தினமும் காலையில் வந்து மாலையில் தங்கள் வண்டியில் கதவைத் தாண்டி ஊர் திரும்பிவிடுவார்கள், வண்டி போக வர ஐந்து நிமிஷம் மட்டும் கதவு திறக்கும். மறுநாள் அவர் வந்தபோது வீக்கம் பாதி இறங்கியிருந்தது. மாலையில் எதிரே உட்கார்ந்து, காகிதங்களைத் தட்டி அடுக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"பக்கம் ஒண்ணு... அண்ணி."

மின்னல் நிமிர்ந்தாள்.

"டாக்டர் அண்ணன் கேட்டார், யார் உன்னை இங்க அனுப்பினதுன்னு. சொல்லக் கூடாதுங்கன்னேன். எப்படிப்பட்ட ஆளுன்னார். வேகமா எழுதுவாங்க, மெதுவா நடப்பாங்கன்னேன். அவ்வளவுதான். என் வாயைத் தெறந்தபடியே விட்டுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டார்."

"எவ்வளவு நேரம்?"

"ஊசி மரப்பு போற வரைக்கும். மறுபடி ஒரு ஊசி போடவேண்டியதாப் போச்சு."

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள். காகிதத்தில் எழுத்து நீந்தியது.

"ஒண்ணு கேக்கச் சொன்னார். மாடித் தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டாச்சான்னு."

பதினான்கு மாதம் கழித்து ஒரு புருஷன் சொல்லி அனுப்புகிற சேதி இது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது, இரண்டையும் ஒரு பழைய துவாலையில் துடைத்துக்கொண்டாள்.

"போட்டாச்சுன்னு சொல்லுங்க."

"கிளினிக் பெஞ்சுலயேதான் படுத்துக்கறார். தனியாத்தான் இருக்கார்."

"நான் கேக்கலையே."

"நீங்க கேக்க மாட்டீங்க. உங்க தெரு கேக்குமில்ல."

அன்றைக்கு அவள் அவருக்கு மூன்று முறை நன்றி சொன்னாள். மூன்றாம் முறை சொன்னதை வாசலில் இருந்த காவலர் காதில் வாங்கி, "என்ன?" என்று எட்டிப் பார்க்க, "பக்கம் பன்னெண்டு" என்றார் குறிப்பாளர். இப்படி அரசாங்கத்துக்குத் தெரியாமல் மின்னலுக்கு எதிர்த்தரப்பில் ஒரு கொழுந்தன் கிடைத்தார்.

கொழுந்தன் கிடைத்தால் கதவு திறந்துவிடுமா? ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, இரண்டு தலைநகரங்களிலிருந்தும் தந்தி போன்ற சேதி வந்தது. சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. வருஷக் கணக்கு ஆகலாம் என்று கர்னல் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார். மின்னல் குடிக்காத தம்ளரைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

அன்று மாலை துணி அறையில் இருவரும் குறிப்பைப் புரட்டினார்கள். அன்றைய குறிப்பில் நாலும் பதினொன்றும் மட்டுமே அறுபத்திரண்டு முறை வந்திருந்தன. கொழுந்தன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் எறிந்தார்.

"உங்க ஆட்சேபம் எதுக்கு அண்ணி நாலாம் நம்பர்ல இந்த அடம் பிடிக்கறார்? அங்க என்ன ராணுவமா இருக்கு? பம்பு வீடும் ஏரிக்கரையும். கம்பம் வெச்சா படத்துல வாத்துதான் விழும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. பட்டியலில் என்ன இருக்கிறது என்று வெளியில் சொல்வது வேலை போகிற குற்றம். வேலையோடு நின்றால் அதிர்ஷ்டம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே கெட்டது கொழுந்தன்.

மின்னல் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பம்பு வீடு தெரியும், வாத்துகளையும் தெரியும். அது தெற்குக் கோடியில் இருக்கிறது. ஆட்சேபத்தின் கோப்பை அவளே தட்டச்சு செய்தவள். இந்தப் பக்கத்து நாலாம் நிலை வடக்கே, பட்டாளத்துக் குடியிருப்பின் கொல்லைப்புறத்து மேடு. அங்கே கம்பம் நட்டால் சிப்பாய் குளிப்பதெல்லாம் படத்தில் விழும். அதனால்தான் கர்னல் வேண்டாம் என்கிறார்.

அவள் தன் பென்சிலை எடுத்து மேசையின் ஒரு கோடியில் வைத்தாள், வடக்கே இருந்த அறை வாசல் பக்கம். அதை விரலால் ஒரு தட்டு தட்டினாள். ஒன்று.

கொழுந்தன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெதுவாகத் தன் பென்சிலை எடுத்து மேசையின் மறு கோடியில், தெற்கே ஜன்னல் பக்கம் வைத்தார். ஒன்று.

இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். வடக்கிலிருந்து எண்ணினால் நாலாவது. தெற்கிலிருந்து எண்ணினால் அதே இடம் பதினோராவது. இந்தப் பக்கம் வேண்டாம் என்ற மேட்டைத்தான் அந்தப் பக்கமும் வேண்டாம் என்றது, மேட்டுக்கு அந்தண்டை அவர்களுடைய சிப்பாய்களும் குளிப்பார்கள் போலும். அந்தப் பக்கம் வேண்டும் என்ற ஏரிக்கரையைத்தான் இந்தப் பக்கமும் வேண்டும் என்றது. அவரவர் வீட்டு வாசலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மற்ற பன்னிரண்டும் மொத்தமாக ஒப்புக்கொண்டதால் எண் எங்கே தொடங்குகிறது என்று கேட்க அவசியமே வரவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஒன்பது நாளாக நெய்க்கு அடித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் இரண்டு அரசாங்கச் செலவில்.

கொழுந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துவாலையை வாயில் திணித்துக்கொண்டார். மின்னல் சிரிக்கவில்லை.

"யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

அதுதான் கேள்வி. ஆட்சேபத்திடம் போய்ச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். கொழுந்தன் கதை முடிந்தது. நேராகச் சபையில் போட்டு உடைத்தாலோ, ஒன்பது நாள் உலகத்துக்கு அறிக்கை விட்ட இரண்டு பெரிய மனிதர்களின் முகத்தில் கரியைப் பூசியது போல் ஆகும். கரி பூசப்பட்டவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள், கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்குவார்கள். சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை கதவுக்கு இன்னொரு பூட்டு.

"விதி ஒன்பதுல குறிப்பாளர் ஒரு விஷயம் கேக்கலாம்னு இருக்கு," என்றாள் மின்னல். "எண்ணைச் சரிபார்க்க."

"கேட்டா, ஒன்பது நாளா ஏன் கேக்கலைன்னு உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அண்ணி, உங்க வேலை..."

"பக்கம் நாப்பது," என்றாள் மின்னல், காகிதத்தைத் திருப்பியபடி.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்து, இரண்டு வாசலும் ஒரே நொடியில் திறந்து, நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். ஆட்சேபம் தொண்டையைச் செருமினார். அதற்கு முன் மின்னல் எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நடுவர் அய்யா, விதி ஒன்பதுப்படி ஒரு வேண்டுகோள். நிலைகளோட பட்டியல்ல ஒண்ணாம் எண் வடக்கு முனையா, தெற்கு முனையான்னு முதல் நாளே நான் கேட்டு எழுதியிருக்கணும். விட்டுட்டேன். என் கவனக்குறைவு. பதிவுக்காக ரெண்டு தரப்பும் சொல்லணும்."

ஆட்சேபத்துக்கு எரிச்சல். "என்னம்மா இது, நேரம் காலம் தெரியாம? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றார்.

சால்வையம்மாவும் பரிதாபமாகப் புன்னகைத்தார். "எழுதிக்கோம்மா," என்றார்.

"வடக்கு," என்றார் ஆட்சேபம்.

"தெற்கு," என்றார் சால்வையம்மா.

இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் மேசையில் விழுந்தன. விழுந்த இடத்திலேயே கிடந்தன. யாரும் எடுக்கவில்லை. கர்னல் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது. நடுவர் வெந்நீர் தம்ளரை உதட்டருகில் வைத்தபடி குடிக்க மறந்தார். சால்வையம்மாவின் சால்வை தோளிலிருந்து நழுவிற்று, அவர் பிடிக்கவில்லை. ஆட்சேபத்தின் காது மடல்கள் சிவந்தன, பிறகு கழுத்து, பிறகு வழுக்கை.

மின்னல் நின்றுகொண்டே இருந்தாள். யாராவது ஒருவர் கோபத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தால் போதும், முடிந்தது. அப்படி ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தமும் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுந்தவர் கொழுந்தன். காதில் பென்சிலோடு, இறங்காத மிச்ச வீக்கத்தோடு.

"எங்க தரப்புக் குறிப்புலயும் அது விடுபட்டிருக்கு, நடுவர் அய்யா. என் கவனக்குறைவும்தான். மன்னிக்கணும்."

ஆட்சேபம் முப்பத்தாறு வருஷம் தூதராக இருந்தவர். தப்பிக்க ஒரு கதவு திறந்தால் எந்த இருட்டிலும் அவருக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு தரப்புக் குறிப்பாளர்களின் இந்த அலட்சியத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்," என்றார்.

"நானும் ஆட்சேபிக்கிறேன்," என்றார் சால்வையம்மா.

முதல் நாளுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. நடுவர் சட்டென்று தேநீர் இடைவேளை அறிவித்தார். இடைவேளை இரண்டரை மணி நேரம் நீடித்தது. மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு தலைவர்களும் மட்டும் இருந்தார்கள். உள்ளே இருந்து முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் ஒரு பெண் சிரிப்பு, அதன்மேல் ஒரு கிழட்டுச் சிரிப்பு, அப்புறம் இருமல். மத்தியானம் புதுப் பட்டியல் வந்தது. எண் ஒன்றும் இல்லை, எழுத்துகள். 'கண்காணிப்பாளர்களின் வசதிக்காக' என்று காரணம் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை கையெழுத்தாயிற்று.

கடைசியாக ஒரு முறை குறிப்புகளை ஒப்பிடத் துணி அறையில் உட்கார்ந்தபோது மின்னல் கேட்டாள், "நீங்க ஏன் எழுந்தீங்க? நான் ஒருத்தி திட்டு வாங்கினா போதாதா?"

"ஒருத்தர் பண்ணினா அது தப்பு அண்ணி. ரெண்டு பக்கமும் பண்ணினா அது நடைமுறை," என்றார் கொழுந்தன்.

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஊருக்கெல்லாம் வாரி இறைத்த அந்தச் சொல் அன்றைக்குப் போதாது என்று பட்டது. சும்மா அவரைப் பார்த்தாள்.

"தெரியுது," என்றார் அவர். "எனக்கும் அதேதான். கடைசிப் பக்கம், கடைசி வரி. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

அன்று மாலையே மின்னலுக்கு மெமோ வந்தது. 'முக்கியமான விவரத்தைப் பதிவு செய்யத் தவறிய கவனக்குறைவு' என்று இரண்டு பத்தி. ஆட்சேபமே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"படிச்சியாம்மா?"

"படிச்சேங்கய்யா."

"முப்பத்தாறு வருஷத்துல நான் எழுதினதுலயே பெரிய நன்றிக் கடிதம் இதுதான். வேற மாதிரி எழுத வழி இல்லை. அந்தம்மாவும் அவங்க ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க. என்னோடதைவிட அரைப் பத்தி கூட." கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னார். பிறகு கைகூப்பினார். அவள் பதறிப்போய்த் திருப்பிக் கைகூப்பினாள்.

மெமோ விவரம் மறுநாளே தெருவுக்கு வந்துவிட்டது. அதற்குக் கதவும் கிடையாது, காவலும் கிடையாது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸாம், ஒழுங்கா எழுதத் தெரியலையாம்," என்று எதிர்வீட்டுக்காரி நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு, ஐந்தாம் வீட்டில் தூதரைப் புகழ்ந்தாள். எப்பேர்ப்பட்ட ராஜதந்திரி, ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்துவிட்டாரே.

பத்தாம் நாள் கதவு திறந்தது. தெருவே கிளம்பிப் போயிற்று, டாக்டர் கையில் குழந்தையோடு வருகிறாரா என்று பார்க்கவேண்டாமா? அன்றைக்கு ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்குத்தான் அனுமதி. மூன்றாவது நாட்டு ஆட்கள் சீருடையில் நின்று காகிதம் சரிபார்த்து ஒவ்வொருவராக விட்டார்கள். டாக்டர் அறுபத்து மூன்றாவது. இளைத்திருந்தார். கையில் ஒரு பெட்டி. குழந்தை இல்லை. எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள், நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத பெருமூச்சு. அப்புறம் என்ன தோன்றிற்றோ, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரின் கையிலிருந்த பெட்டியை அவளே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மின்னல் தன் ஆமை நடையில் வந்தாள். டாக்டர் அவசரப்படாமல் நின்றார். வந்து சேரும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

"வந்துட்டேன்."

இருவரும் தெருக்காரர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்தார்கள். ஓட்டல் வாசலைத் தாண்டும்போது டாக்டர் கேட்டார்.

"ஒரு ஒல்லி ஆளு பல்லு புடுங்க வந்தான். உன் பேரைச் சொல்ல மாட்டேன்னு ஒரே பிடிவாதம். முந்தாநாள் வந்து, கதவு தெறக்கப் போகுது அண்ணே, அண்ணிக்குத்தான் நன்றி சொல்லணும்ங்கறான். எதுக்குடான்னா சொல்ல முடியாதுங்கறான். என்னதான் நடந்தது அங்க?"

"சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எப்பத்தான் சொல்லுவே?"

"முப்பது வருஷம் ஆகும்."

டாக்டர் மனசுக்குள் தன் வயதைக் கூட்டிப் பார்த்தார். எண்பத்தொன்று வந்தது.

"அதுவரைக்கும் நான் கூடவே இருக்கணுமா?"

"இருங்க," என்றாள் மின்னல்.